மீனில்லாத மீன் தொட்டி

கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தபோது என் சீர்வரிசையில் பீரோவும் கட்டிலும் லாரியில் வந்தன. இரண்டு கப்பி மீன்கள் மட்டும் மிட்டாய் பாட்டிலுக்குள், என் மடியில், பஸ்ஸில் வந்தன. கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன், அவை எடுக்கவில்லை. சேலத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பிறந்தவை. அந்த எஸ்டேட் குவார்ட்டர்ஸில் எனக்குப் பழகிய முகம் என்று பார்த்தால் அவை இரண்டும்தான்.

பாட்டிலில் மீன் வளர்ப்பது என் வீட்டுக்காரருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அவர் காப்பி எஸ்டேட்டில் ஆட்களையும் கணக்கையும் பார்க்கிற ரைட்டர். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அதையும் அவரேதான் சொல்லுவார். எண்பதுகளின் தொடக்கம் அது. சேலம் போய் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தார். உள்ளே செடியெல்லாம் வளர்த்து, பார்க்கிறவர்கள் அசந்துபோகிற மாதிரி செய்யப்போவதாகச் சொன்னார். செடி வளர்க்கத் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றார். யாரும் முன்வந்திருக்கவும் இல்லை.

காப்பி நாற்றுக்குப் போடும் கலவையையே தொட்டியின் அடியில் பரப்பினார். செம்மண், மணல், மக்கிய சாணி. தண்ணீர் ஊற்றியதும் அது சிவந்தது, இரண்டாம் நாள் நாறியது. மீன் பார்க்க வந்த பக்கத்து வீட்டு டிரைவர் சம்சாரம், இத்தனை டீ யாருக்குங்க அக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டாம் முறை ஓடை மணலைக் கழுவிப் போட்டு, ஏரியிலிருந்து நீர்ச்செடிகள் கொண்டுவந்து நட்டார். தண்ணீர் தெளிந்தது. ஆனால் செடியோடு பொடி நத்தைகளும் வந்திருந்தன. அவை இலையில் ஓட்டை போட்டதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த ரைட்டர் விழித்துக்கொண்டார். காப்பியில் இலை நோய்க்கு அடிக்கிற மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து ஊற்றினார். மறுநாள் காலை நத்தைகள் மொத்தமும் செத்து அடியில் கிடந்தன. பூச்சி போச்சு, செடி தப்பிச்சது என்று அவருக்கு ஏக சந்தோஷம். பாட்டிலை எடுத்து வா, மீனை விடலாம் என்றார்.

நான் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, நத்தையே செத்துப்போச்சு. இதுல என்ற மீனு பொழைக்குமுங்களா?"

ஒரு சிட்டிகைக்கு என்ன ஆகிவிடும், பார்க்க வருகிறவர்களுக்கு எத்தனை நாள் வெறும் தொட்டியைக் காட்டுவது, உள்ளே விட்டால் அதுவே பழகிக்கொள்ளும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்தப் 'பழகிக்கொள்ளும்' என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் மலைக்கு வந்து ஐந்து மாதம். குளிரில் பல் கிட்டித்தது, பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. எப்படி இருக்கிறாய் என்று அவர் ஒரு நாள் கேட்டதில்லை. செடியைத் தினமும் விசாரித்தார்.

"என்னையத்தான் பஸ்ஸ உட்டு எறக்குன அன்னிக்கே கொண்டாந்து உட்டுட்டீங்க. மீனையாச்சும் கொஞ்சம் பொறுத்து உடுவோமுங்க."

அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கவிழ்த்தார். மணலையும் செடியையும் குப்பையில் கொட்டி, கண்ணாடியை நாலைந்து முறை கழுவினார்.

புது மணல், புதுச் செடி. இம்முறை செடியோடு வந்த நத்தைகளை, அவை பிழைத்தால்தான் மீன் என்று, நானே பொறுக்கி உள்ளே விட்டேன். மூன்று வாரம் தொட்டியில் அவைதான் குடித்தனம் செய்தன. தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அவர் குனிந்து, எஸ்டேட்டில் ஆட்களை எண்ணுகிற அதே முகத்தோடு, நத்தைகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. கடைசி வாரத்தில் நான் தொட்டித் தண்ணீரில் தினம் ஒரு கரண்டி எடுத்து, மீன் மெல்லப் பழகட்டும் என்று, பாட்டிலில் கலந்துவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியில் நத்தை முட்டை ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப உடலாமா?"

கல்யாணமாகி அவர் என்னைக் கேட்டுச் செய்ய நினைத்த முதல் காரியம் அது. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

"நாளைக்குப் பாக்கலாமுங்க" என்றேன்.