கேன் காலியாகும்வரை நிற்கிற எழுத்து

நுரை அக்கா என்பது தெரு வைத்த பெயர். வீட்டுப் பின்னறையில் ப்ளீச்சும் கழிப்பறை ஆசிட்டும் தயாரித்துக் கேனில் அடைத்து விற்கிறவர் அவர். வண்டியில் கொண்டுபோய்ப் போடுவதும் காலி கேனை எடுத்துவருவதும் கணவர். எதில் என்ன இருக்கிறது என்பதைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுவார்கள். இரண்டுமே வெள்ளைக் கேன்.

அந்தக் கேன்கள் போகிற ஓர் அலுவலகக் கட்டடத்தில்தான் நுரை அக்காவின் நாத்தனாருக்குத் துப்புரவு வேலை. போன வாரம் அவர் ப்ளீச் ஊற்றிய தரையிலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் நச்சுப்புகை. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தவரிடம், "படிச்சுப் பாத்து ஊத்தத் தெரியாதா? நான் சொல்ற வரைக்கும் வேலைக்கு வராத" என்றார் மேலாளர். ஜன்னலே இல்லாத கழிப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையுறை கொடுக்காததைப் பற்றியும் இல்லை. அடிபட்டவரையே குற்றவாளியாக்கிவிட்டால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

நுரை அக்கா அந்தக் கேன்களை வரவழைத்துப் பார்த்தார். ஈரக்கை பட்டுப் பட்டு மை கரைந்து, இரண்டிலும் வெறும் காகிதம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் எழுதுனதுதான் அழிஞ்சிருக்கு. அந்த ஆள்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்."

"சொன்னா உங்க சரக்கையும் நிறுத்திடுவாரு அண்ணி" என்றார் நாத்தனார்.

"வெறுங்கையோட போனா நிறுத்துவாரு. அழியாத லேபிளோட போவோம்."

லேபிள் பிரிண்டர் விற்கிற கடையில் விற்பனையாளர் எல்லா விளக்கத்தையும் கணவரைப் பார்த்தே சொன்னார்.

"என்கிட்ட எதுக்கு சார்? நான் வண்டி ஓட்டுறவன். முதலாளி அவங்க" என்று கணவர் நகர்ந்துகொண்டார்.

மூன்று வகை பிரிண்டர்கள் இருந்தன. ஒன்று மை தெளிப்பது. இன்னொன்று மையே இல்லாமல் சூட்டால் காகிதத்தைக் கறுக்கவைப்பது. மூன்றாவது ரிப்பனிலிருந்து எழுத்தை ஒற்றி எடுப்பது.

"மூணுலயும் அடிச்சுக் குடுங்க. வீட்டுல கெடுத்துப் பாக்கணும்."

"யாரும் இப்படிக் கேட்டதில்லையே மேடம்."

"அதனாலதான் கேக்குறேன்."

சமையலறை மேடை சோதனைக்கூடமானது. மை லேபிள் முதல் துளித் தண்ணீரிலேயே அழுது வழிந்தது. கணவருக்குப் பிடித்திருந்தது சூட்டு லேபிள், மைச் செலவில்லையே. ஜன்னலோரம் ஒட்டினால் வெயிலில் வெளுத்தது. அடுப்புப் பக்கம் வைத்தால் முழுசாகக் கறுத்தது.

"வெயிலும் ஆகாது, சூடும் ஆகாது. உங்க பெரியப்பா மாதிரி" என்றார் நுரை அக்கா.

ரிப்பன் லேபிள் தண்ணீருக்குத் தாங்கியது. ஆனால் நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிர்ந்தது.

"மூணும் போச்சு" என்றார் கணவர்.

நுரை அக்கா நகத்திலிருந்த கரியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது, மெழுகுவத்தியைத் தொட்டது போல. மறுபடி கடைக்குக் கிளம்பினார்.

"இந்த ரிப்பன்ல இருக்கறது என்னங்க?"

விற்பனையாளர் ரிப்பன் பெட்டியைத் திருப்பி, முதல்முறையாக அதில் உள்ளதைப் படித்தார். "மெழுகு மேடம். பிசின் ரிப்பன்னு இன்னொண்ணு இருக்கு. அதைக் காகிதத்துல அடிக்க முடியாது, பிளாஸ்டிக் ரோல் வேணும்."

"மிஷின்?"

"இதே மிஷின்தான்."

இவ்வளவு நேரமும் எல்லோரும் ரிப்பனை விட்டுவிட்டு மிஷினைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிசின் ரிப்பனில் அடித்து வாங்கிவந்த புதிய லேபிளை நுரை அக்கா ப்ளீச்சில் ஊறப்போட்டார், ஆசிட் தடவினார், சுரண்டினார். எழுத்து அசையவில்லை. 'ஆசிட். ப்ளீச்சோடு சேர்க்காதே' என்று பெரிதாக அடித்துப் புதுக் கேனில் ஒட்டி, அதையும் பழைய கேனையும் எடுத்துக்கொண்டு போனார்.

மேலாளர் மேசையில் முதலில் பழையதை வைத்தார். "இதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எழுத்தே இல்லையே."

"இதைத்தான் அவளைப் படிக்கச் சொன்னீங்க. எழுதுனது நான், கோபத்த என்கிட்ட காட்டுங்க. இனிமே இப்படித்தான் வரும்." புதிய கேனை முன்னால் தள்ளினார்.

மேலாளர் லேபிளின் ஓரத்தைச் சுரண்டினார். இன்னும் அழுத்திச் சுரண்டினார். "சரி, நாளைலேருந்து வரச் சொல்லுங்க."

"கையுறை?"

"பாக்கலாம்."

"எப்ப பாப்பீங்க?"

அவர் ஸ்டோருக்குப் போன் செய்து முடிக்கும்வரை நுரை அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

கீழே வண்டியில் நாத்தனார் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், மடியிலிருந்த இன்னொரு புதுக் கேனின் லேபிளைத் தானும் சுரண்டிப் பார்த்தார்.

"அவரும் சுரண்டுனாரா அண்ணி?"

"சுரண்டுனாரு."

"நகம் நல்லா வலிச்சிருக்கும்."