மேல் போஸ்ட்டுக்கே பழகிய கால்கள்

பிள்ளைகளே, எங்கள் எஸ்டேட் டிவிஷன் ஃபுட்பால் டீமில் இதுவரை ஆடியவர்களிலேயே படு மோசமான ஃபார்வேர்டு என்ற பெயர் உங்கள் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டியது. அது வராமல் போன கதையை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலைக் காட்டுக்கு நடுவில் எங்கள் டிவிஷன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துமூன்று வயது. கவாத்து வேலை, அதாவது வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் பண்ணுகிற வேலை பார்த்தேன். வருடத்துக்கு ஒருமுறை எஸ்டேட் டீம்கள் எல்லாம் மூணாறு மைதானத்தில் கப்புக்காக ஆடும். எங்கள் டீம் ஒருதடவைகூட ஃபைனலுக்குப் போனதில்லை. அந்த வருடம் போனோம்.

போனதில் என் பங்கு ஒன்றுமில்லை. செமி ஃபைனலில் எதிர் டீம் கோலி சேற்றில் வழுக்கி விழுந்து கிடந்தார். நாலடி தூரத்தில் வெறும் போஸ்ட். நான் உதைத்த பந்து போஸ்ட்டின் குறுக்குக் கம்பிக்கு மேலே பறந்து கற்பூர மரங்களுக்குள் போய் விழுந்தது. கடைசியில், பின்னால் தடுத்து ஆடுகிற எங்கள் பேக் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து யார் முதுகிலோ பட்டு உள்ளே போனதால் பிழைத்தோம்.

மறுநாள் ஞாயிறு. கோயிலில் பூசை முடிந்ததும் ஆம்பளைகள் எல்லாரும் டீக்கடை முன்னால் கூடிவிட்டார்கள். ஒரே பேச்சு: இத்தனை வருடத்தில் நம் டீமுக்கு வாய்த்த ஃபார்வேர்டுகளில் யார் ரொம்ப மோசம்? கேப்டன், ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். கறாரான மனிதர். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்:

"வெளையாட்டுக்குப் பேசாதீக. இதுல எவன் மொதல்ல வாரானோ, அவன் ஃபைனல்ல எறங்க மாட்டான்."

பேச்சில் அடிபட்டவர்களில் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஃபைனலில் ஆட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை எப்படிச் சொல்வது? கையில் பிடித்த டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றேன்.

"என் ஓட்டு இந்த அண்ணாச்சிக்குத்தான்" என்று டீக்கடைக்காரர் தொடங்கினார். அண்ணாச்சி என்றது கொழுந்து நிறுக்கிறவரை. பத்து வருடம் முன்னால் அவர்தான் சென்டர் ஃபார்வேர்டு. "இவரு அடிச்சு எஸ்டேட் தொரையோட காரு கண்ணாடி ஒடஞ்சுதே, மறந்துட்டீகளா?"

"வே, அது காத்து கொண்டு போனது!" என்றார் அண்ணாச்சி. "எனக்குப் பெறவு ஆடுன அந்த நெட்டையன் அடிச்சது மூணாறு கோயில் மணியில போயில்லா பட்டுச்சு? நேரங்கெட்ட நேரத்துல மணி அடிச்சிருச்சுன்னு சனம் ஓடி வந்துச்சே, அதச் சொல்லும்!"

"அவுகல்லாம் தூரத்துல நின்னு அடிச்சாக" என்று டீக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "இந்தா நிக்கானே மாப்ள, இவன் நாலடியில நின்னு மேல அடிச்சான். நாலடி! படுத்துக் கைய நீட்டுனா போஸ்ட்டு எட்டும். கோலியும் படுத்துக் கெடந்தான்."

ஒரே சிரிப்பு. கார்க் கண்ணாடிப் புகழை இழந்த அண்ணாச்சிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"பெறகென்ன, முடிஞ்சுது" என்று கேப்டன் எழுந்தார்.

அப்போது குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த உங்கள் அத்தை நின்றாள். என் அக்கா கொழுந்து எடுக்கிறவள். எங்கள் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டாள்.

"ஏண்ணே, ஒண்ணு கேக்கேன். கார்க் கண்ணாடி, கோயில் மணி, கற்பூர மரம், எல்லாம் கம்பிக்கு மேல போனதுதான? ஒருத்தனாவது தரையோட அடிச்சுக் கெடுத்தானா? பக்கத்துல அடிச்சுக் கெடுத்தானா?"

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நான் இங்கே எழுதாமல் விட்டவர்களையும் சேர்த்து, பேச்சில் அடிபட்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் மேலேதான் அடித்திருந்தார்கள். அக்கா குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"நம்ம கிரவுண்டுல நீங்க அடிக்கிற பந்து பூரா மேல கொழுந்து எடுக்கிற எங்க கூடைக்குத்தான் வருது. கீழ போஸ்ட்டுக்கு ஒரு நாளாவது அடிச்சிருக்கீகளா?"

எங்கள் கிரவுண்டு மலைச்சரிவில் வெட்டியது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். கீழ் போஸ்ட்டுக்குப் பின்னால் ஓடை. பந்து அதில் விழுந்தால் தேடி எடுப்பதற்குள் இருட்டிவிடும். இருந்ததும் ஒரே பந்து. அதனால் தலைமுறை தலைமுறையாக மேல் போஸ்ட்டுக்கு மட்டுமே அடித்துப் பழகினோம். மேட்டில் பந்து ஏற வேண்டுமானால் உடம்பை மல்லாத்தி, பந்துக்கு அடியில் காலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். அதே காலோடு மூணாறு சமதரையில் போய் நின்றோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"கீழ அடிச்சா பந்த யாரு தாயி எடுக்கது?" என்றார் கேப்டன்.

"நாங்க நிக்கோம்."

கேப்டன் என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம சாயந்தரம் பத்துப் பந்து. அதுல எட்டு பந்து கம்பிக்குக் கீழ போவணும். போகலன்னா நீ வெளியதான்."

திங்கட்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் அக்காவையும் சேர்த்துப் பதினேழு பெண்கள் வந்தார்கள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து, கீழ் போஸ்ட்டுக்குப் பின்னால் வலை மாதிரி கட்டினார்கள். அதையும் தாண்டிப் போவதைப் பிடிக்க நாலு பேர் ஓடைக்குள் இறங்கி நின்றார்கள். முதல் நாள் நான் அடித்தது எல்லாம் அந்த நாலு பேருக்குத்தான்.

"எலேய், பறவைக்கா அடிக்க? கவுந்து அடிலே!" என்று அக்கா ஓடையிலிருந்து கத்தினாள்.

உடம்பைப் பந்தின்மேல் கவிழ்த்து அடித்தேன். மூன்று தடவை மூக்குக் குப்புற விழுந்தேன். புதன்கிழமை பந்து தரையோடு போக ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை கேப்டன் வாய்விட்டு எண்ணினார். ஒன்பது! பத்தாவது போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. அவர் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி லாரியாகச் சனம் மூணாறுக்கு இறங்கியது. மழை பெய்து ஓய்ந்த மைதானம். ஆட்டம் முடியப் போகிற நேரம் வரைக்கும் யாருக்கும் கோல் இல்லை. அப்போது கார்னரிலிருந்து வந்த பந்து நாலைந்து தலைகளில் பட்டு என் காலடியில் விழுந்தது. ஆறடி தூரம். கோலி கையை விரித்து நிற்கிறார். மல்லாரத் துடித்த உடம்பை நான் பலவந்தமாகக் கவிழ்த்தேன். பந்து சேற்றைக் கீறிக்கொண்டு அவர் கால்களுக்கு நடுவே போய் வலையில் முட்டி நின்றது.

சனம் போட்ட அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. டீக்கடைக்காரர் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்து, "மாப்ளே, என் மாப்ளே!" என்று என்னைத் தூக்கிவிட்டார். அண்ணாச்சி அழுதார். விசில் ஊதியதும் கேப்டன் கப்பை வாங்கி நேராக என் கையில் கொடுத்தார்.

டிவிஷனுக்குத் திரும்பியதும் டீக்கடைக்காரர் கப்பு நிறையப் பால் விடாத கட்டன் சாயா ஊற்றினார். கோல் அடித்தவன் முதலில் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் கத்தினார்கள். நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். அப்படியே பதினேழு பேர் கையும் மாறி டீமுக்கு வந்தபோது கப்பில் சொட்டு இல்லை. டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே மறுபடி அடுப்பில் தண்ணீர் வைத்தார்.