கோழி இல்லாத கோழி வாத்தியார்

எங்கள் ஊரில் கோழி வளர்ப்பை அதிகம் படித்தவர் யோம் யாத். அவர் கோழி வளர்த்ததே இல்லை என்பது அந்தப் படிப்புக்கு எந்த விதத்திலும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

மூங்கில் வெட்டப் போன இடத்தில் கண்ணிவெடி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. இரண்டு காலோடு பசித்துக் கிடந்தவரை அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு கால் போனதும் பட்டம்பாங் நகரத்திலிருந்து வெள்ளை வண்டிகள் வரிசை கட்டி வந்தன. ஒரு அமைப்பு கட்டைக்கால் கொடுத்தது. இன்னொன்று வந்து அந்தக் காலை அளந்தது. வேறொன்று அந்தக் காலோடு அவரைப் படம் பிடித்துக்கொண்டு போனது. கடைசியில் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். கால் இல்லாதவர் கோழி வளர்க்க வேண்டும். கண் இல்லாதவர், காது கேளாதவர், கை இல்லாதவர், எல்லாருக்கும் அதே மருந்து. எனக்கு வலக்கையில் மூன்று விரல் கிடையாது. அந்தத் தகுதியில் நானும் எல்லாப் பயிற்சியிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் யாத் அளவுக்கு நல்ல மாணவர் யாரும் இல்லை. தலையாட்ட வேண்டிய இடத்தில் ஆட்டுவார். படம் எடுக்கும்போது பாதி சோகமும் பாதி நம்பிக்கையுமாக முகத்தை வைத்துக்கொள்வார். எந்த அமைப்பின் சோற்றுப் பொட்டலத்தில் பன்றிக்கறி இருக்கும், எதில் வெறும் முட்டை என்பதும் அவருக்குத்தான் தெரியும். கண்ணாடித்தாள் ஒட்டிக் கொடுத்த சான்றிதழ்களை வீட்டின் மேற்குச் சுவரில், சாரல் அடிக்கும் ஓட்டைகள் மேல் ஆணியடித்து வைத்திருந்தார். கொடுத்த கோழிகளில் முதல் ஈடு புத்தாண்டுக்குக் குழம்பானது. அடுத்ததை ஒரு சண்டைச் சேவலுக்கு மாற்றினார். அந்தச் சேவல் எதிராளியைப் பார்த்ததும் களத்தைத் தாண்டிப் பறந்து, இன்றுவரை திரும்பவில்லை.

"சுவரு நனையாம இருக்குது. அந்த வரைக்கும் படிப்புக்குப் பலன்தான்," என்பாள் அவர் மனைவி மோம்.

ஒரு மழைக்காலத்தில், விகாரை மண்டபத்தில் மறுபடியும் கோழிப் பயிற்சி. இந்தத் தடவை தலைநகர் நோம்பென்னிலிருந்து விராக் என்ற இளம் அதிகாரி வந்திருந்தான். சட்டைப் பையில் நாலு பேனா. பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அன்று காலையிலேயே பார்வையிட வருகிறார்கள். ஆனால் பாடம் நடத்த வேண்டிய வாத்தியார் வெள்ளத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். விராக் கைபேசியில் கத்திப் பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

"இங்க யாருக்காவது கோழி வளர்ப்பு பத்தித் தெரியுமா?"

நாங்கள் எல்லாரும் யாத்தைப் பார்த்தோம்.

அவர் எழுந்தார், பலகையில் தொங்கிய படத்தாளைப் புரட்டினார், ஆரம்பித்தார். பழைய வாத்தியாரின் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் வந்தன. அவர் எந்த இடத்தில் இருமுவாரோ அந்த இடத்தில் இருமினார். சேவல் பற்றிய அந்த அரதப் பழசான நகைச்சுவையையும் சொன்னார். நாங்கள் வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் சிரித்தோம். பின்னால் நின்ற வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊனமுற்றவருக்கு ஊனமுற்றவரே கற்றுத் தருகிறாரே என்று விராக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரமே யாத் சம்பளத்துக்கு வாத்தியார் ஆனார். தொப்பி, மூன்று சக்கர மோட்டார் வண்டி, வண்டியின் முதுகில் கோழிப் படம்.

வகுப்பில் லியாக் என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். சின்ன வயதில் அம்மை கண்ட பிறகு பார்வை போய்விட்டது. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம்: பாடத்தைக் கவனிப்பாள்.

"பொங், கோழிக்குச் சீக்குன்னா எப்படித் தெரிஞ்சுக்கிறது?" மூத்தவரை எங்கள் ஊரில் அண்ணன் என்கிற மாதிரி பொங் என்போம்.

"உத்துப் பாக்கணும். கொண்டை கறுத்திருக்கும், எச்சம் பச்சையா இருக்கும். இதோ படத்துல பாரு."

"காட்டுங்க, பாக்குறேன்."

மண்டபம் சிரித்தது. யாத் இருமினார். படத்தாளில் அதற்குப் பதில் இல்லை.

"அது அடுத்த பாடத்துல வரும்," என்றார்.

அடுத்த பாடத்திலும் வரவில்லை. லியாக் காத்துக்கொண்டிருக்கவில்லை. தன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அப்போது அங்கேதான் வேலியில் சாய்ந்து கள் குடித்துக்கொண்டிருந்தேன்.

"வாத்தியார் வீட்டுக் கோழியத் தொட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், பொங். அப்பத்தான் எனக்குப் புரியும்."

"கோழியெல்லாம் மேயப் போயிருக்கு."

"அப்ப கூண்டையாவது தொட்டுப் பாக்குறேன்."

யாத் என்னைப் பார்த்தார். நான் கள்ளைப் பார்த்தேன். தங்கை அவளைக் கூண்டுக்கு அழைத்துப் போனாள். லியாக் உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒரு புளியமர விறகுக் கட்டையை வெளியே எடுத்தாள். அடுத்தது ஒரு மூங்கில் துண்டு. இரண்டையும் பொறுமையாகத் தடவினாள்.

"எந்த ஊர்க் கோழி பொங் இது? நல்லா காஞ்சுபோயிருக்கு."

வீட்டுக்குள் மோம் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது.

லியாக் சொன்னாள்: "எனக்குக் கோழி குடுக்கிற அன்னிக்கு நீங்களும் வாங்கி வளக்குறீங்க. இல்லன்னா அடுத்த கூட்டத்துல இந்தக் கட்டையையே கொண்டுவந்து விராக்கு கையில குடுப்பேன். முட்டை போடுதான்னு அவரு பாக்கட்டும்."

அப்படித்தான் எங்கள் வாத்தியார் கோழி வளர்க்க ஆரம்பித்தார். வளர்க்க வளர்க்க, தான் சொல்லித் தந்த பாடத்தின் மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. படத்தில் கூண்டு உயரத்தில், ஏணியோடு இருந்தது. கட்டைக்காலோடு ஏணி ஏறியவர் முட்டையோடு கீழே வந்தார், விழுந்து. தண்ணீர்த் தட்டைக் குனிந்து கழுவ வேண்டும். அவரால் குனிய முடிந்தது, எழத்தான் முடியவில்லை.

"இதை எழுதினவனுக்கு எத்தனை காலுடா?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்கதான பொங் இதை எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

"நான் சொன்னா நீ கேட்டுர்றதா?"

கூண்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். தண்ணீருக்கு மூங்கில் குழாய் வைத்தார். குஞ்சுகள் பொரித்தபோது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார். அது எல்லாருக்கும் தெரிந்தது.

குளிர்காலம் தொடங்கியதும் கழிச்சல் நோய் வந்தது. முதலில் விகாரைப் பக்கத்து வீடுகள், பிறகு எங்கள் தெரு. கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. என் கோழிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாத்தின் கூண்டில் ஒரு நொண்டிச் சேவல் மட்டும் நின்றது. லியாக்கின் கூண்டில் இரண்டு பெட்டைகள் தப்பின.

விராக் வந்தான், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு. "தடுப்பு மருந்து யாருமே போடலியா? கண்ணுல ஒரு சொட்டு. படத்தாள்ல இருக்கே."

இருந்தது. கடைசிப் பக்கத்தில். ஒவ்வொரு பயிற்சியிலும் அந்தப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். சோறு தின்ற பின் யாத் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவார், பக்கத்தில் நானும். எத்தனையோ அமைப்புகள் அவருக்குப் பாடம் நடத்தியும், அந்தப் பக்கத்தை மட்டும் அவர் கேட்டதே இல்லை. அதனால் வாத்தியார் ஆன பிறகும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. விராக்கின் அறிக்கையில் "எதிர்பாராத இயற்கை இடர்" என்று எழுதப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

யாத் மன்னிப்புக் கேட்டு வீடு வீடாகப் போனார். வண்டியை எடுக்கவில்லை. ஊன்றுகோலோடு நடந்தே போனார். பெரும்பாலானவர்கள் கோபப்படவில்லை. "விடுங்க பொங், நம்மளுக்கு எது நின்னுச்சு," என்றார்கள். நாங்கள் அப்படித்தான், எதையும் பெருந்தன்மையாக விட்டுவிடுவோம், விட வேண்டாததையும் சேர்த்து. லியாக் மட்டும் விடவில்லை.

"நீங்க தூங்கினீங்க, என் கோழி செத்துச்சு," என்றாள். "கண்ணு தெரியாதவ, பாவம்னு யாராவது வந்து சொன்னா நான் சிரிச்சுட்டு வாங்கிக்குவேன். நீங்களும் எங்களுக்கு ஏனோதானோன்னுதான் சொல்லிக்குடுக்கணுமா பொங்?"

அவர் ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தார். மோம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அன்று வந்து சாப்பிடவில்லை. சாப்பாட்டை விட்டவர் என்று அவரை அதுவரை யாரும் சொன்னதில்லை.

பிறகு தானே பட்டம்பாங்குக்குப் போய், கால்நடை அலுவலகத்தில் மருந்து போடும் வகுப்புக்கு இடம் கேட்டார். அழைக்காமல் அவர் போன முதல் பயிற்சி அது. சோற்றுப் பொட்டலமும் கிடையாது. பள்ளி முடித்த பையன்கள் நடுவில் முன்வரிசையில் உட்கார்ந்து, பார்வை இல்லாதவர் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாராம். அந்த மருத்துவர், வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்லலாமே என்றாராம்.

"டாக்டரும் அடுத்த பாடம்னுதான் சொல்லிட்டாரு," என்று லியாக்கிடம் வந்து சொன்னார்.

அதை அவர்கள் இருவரும்தான் உட்கார்ந்து யோசித்தார்கள், சண்டை போட்டபடியே. சாயங்காலம் கோழி கூண்டில் அடைந்ததும் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். நிறைந்திருந்தால் கோழிக்கு ஒன்றும் இல்லை. காலியாகத் தொங்கினால் தனியே பிரித்துவிட வேண்டும். கோழி நாள் முழுக்க மேய்ந்தும் இரைப்பை காலி என்றால் கோளாறு இருக்கிறது என்று லியாக்தான் முதலில் சொன்னாள். யாத் அதை வகுப்பில் தன்னுடைய கண்டுபிடிப்பாகச் சொன்னபோது அவள் எழுந்து நின்று இருமினாள். மண்டபமே சிரித்தது. அவர் திருத்திக்கொண்டார்.

விராக்கின் அமைப்பு மறு வருடம் பணம் தீர்ந்து கிளம்பிவிட்டது. மூன்று சக்கர வண்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தொப்பியை மட்டும் மறந்துவிட்டார்கள். இப்போது எங்களுக்குக் காளான் வளர்க்கச் சொல்லி வேறொருவர் வந்திருக்கிறார். யாத் போகவில்லை, நேரமில்லையாம். மருந்துக் குப்பியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தெருத்தெருவாகக் கோழிகளுக்குச் சொட்டு விட்டு வருகிறார். லியாக்கின் முட்டைகள் சந்தை நூடுல்ஸ் கடைக்குப் போகின்றன. அவளுக்குக் கடனும் இருக்கிறது, வேலியோரம் கீரிப்பிள்ளைத் தொல்லையும் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

போன வாரம் அவள் வீட்டில் மருந்து போடும் நாள். லியாக் கோழியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். யாத் குனிந்து சொட்டு விட்டார். கோழி தலையை உதறியது. சொட்டு அவர் கண்ணிலேயே விழுந்தது.

"என்ன சத்தமே காணோம்?" என்றாள் லியாக்.

"ஒண்ணுமில்ல. போட்டாச்சு."

"கோழிக்கா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பிடிக்கிறவங்க ஒழுங்காப் பிடிச்சா கோழிக்குப் போகும்," என்றார்.