அவருக்கு ஒன்றுமில்லையாம்

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் நான் பார்த்துவந்த பெண் மருத்துவர் எனக்கு பாப் ஸ்மியர் சோதனை எடுத்தார். கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறியிருந்தன. புற்றுநோய் அல்ல; கவனிக்காமல் விட்டால் ஆகலாம். காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ், உடலுறவில் தொற்றுவது என்றார். அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். அதற்குமுன் கணவரையும் அழைத்து வரச் சொன்னார்.

மயிலாப்பூர் வீட்டில் என் கணவரும், எங்களோடு இருந்த அவருடைய அக்காவும் என் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“ஆபீஸ், ஆபீஸ்னு நாலு பேரோட பழகறே. வராம என்ன செய்யும்?” என்றாள் அக்கா.

“இவருக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னா.”

“அவனுக்கா? கல்யாணத்துக்கு முன்னாடி அங்கே மரு வந்து அழுதுண்டு நின்னான். நான்தான் கோவில் குளத்துல வெல்லம் போட்டேன். வெல்லம் கரைஞ்சுது, மருவும் போயிடுத்து. அன்னிலேர்ந்து சுத்தம்!”

என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். தண்ணீரில் போட்ட வெல்லம் கரையும் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? மரு வந்ததை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கவில்லை.

ஒருவழியாக என்னோடு தி. நகருக்கு வந்த அவரிடம் மருத்துவர் பொறுமையாகவே பேசினார். “மரு வர்றது அதே வைரஸ் குடும்பத்துல வேற வகை சார். அதனால இது அதுலேருந்துதான் வந்ததுன்னு சொல்லமாட்டேன். மரு போனா வைரஸும் போச்சுன்னும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. ஆம்பளைங்களுக்கு இதுக்குன்னு டெஸ்ட்டும் கிடையாது. மரு இருந்தா கண்ணால பார்க்கலாம், அவ்வளவுதான்.”

அடையாறில் ஒரு தோல் மருத்துவர் கண்ணால் பார்த்தார். இப்போது மரு எதுவும் இல்லை என்றார். அதை விடுதலைத் தீர்ப்பாக ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு, அக்கா உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டு திருஷ்டி கழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கும் ஒரு மண்டலம் குளத்தில் வெல்லம் போட்டுப் பார்க்கலாம் என்றாள்.

“பார்த்துடலாமே. என்ன அவசரம்?” என்றார் கணவர்.

நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சிகிச்சை செய்துகொண்டேன். அடிவயிற்று வலியோடு ஆட்டோவில் திரும்பி வந்து படுத்தேன். கணவர் அறை வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இனிமே எப்போ?”

வலியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் பார்வை கட்டிலின் மேல் இருந்தது.

“சில வாரம் ஆகணும். அப்புறமும் ஆணுறை இல்லாம கிடையாது. நீங்களே போய் வாங்கிண்டு வாங்கோ.”

“மெடிக்கல் ஷாப்காரன் என் ஸ்டூடண்டோட அப்பா. என்ன நினைப்பான்?”

ஊரில் வேறு மருந்துக் கடையே இல்லாததுபோல நின்றார். எந்தக் கடைக்கும் அவர் போகவில்லை. அடுத்த ஸ்மியரில் செல்கள் சரியாகிவிட்டதாக வந்தபோது, என் படுக்கை கூடத்துக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது.