பௌர்ணமியன்று ஒரு இன்டர்வியூ

திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்தவள், பௌர்ணமியா என்று காலண்டரைக்கூடப் பார்க்காமல் ஆன்லைன் இன்டர்வியூவுக்குத் தேதி ஒத்துக்கொண்டேன் என்றால் என் புத்தியை என்ன சொல்ல! கிரிவலத்துக்குக் கூட்டம் திரளும் அன்று எங்கள் தெருவில் சிக்னல் கிடைத்துப் போன் பேசுவதே பெரும்பாடு. இதில் ஸ்கிரீன் ஷேர் வேறு.

அந்த வேலை எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது. ஒரே ஸ்லைடு ஃபைலில் பலர் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று பள்ளி ஆசிரியர்களுக்கு வீட்டிலிருந்தே சொல்லித்தர வேண்டும். எம்.எஸ்சி. முடித்தவள்தான், ஆனால் பிள்ளைகள் வளரும்வரை வீட்டோடு இருந்துவிட்டேன். முன் அனுபவம் உண்டா என்று கேட்டால் என்ன சொல்வது?

இன்டர்வியூவில் காட்டவேண்டிய ஸ்லைடுகளை வைத்துப் பழகிப் பார்க்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. வீட்டுக்காரரைப் பிடித்தேன். ஆட்டோ ஓட்டுகிறவர், போனில் கிரிக்கெட் பார்ப்பதோடு சரி. முதல் நாளே தலைப்பு ஸ்லைடை அழித்து வைத்தார். கத்தினேன். கத்திவிட்டு, அழித்ததை மீட்பது எப்படி என்று காட்டினேன். அப்புறம் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் ஸ்லைடு ஓரத்தில் கமென்ட் எழுத ஆரம்பித்துவிட்டார். எழுத்து பொடிசாக இருக்கிறதாம், பச்சை கண்ணைக் குத்துகிறதாம். நான் சமைத்துக்கொண்டே பதில் போடுவேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு எழுதிக்கொண்டதில்லை.

இன்டர்வியூ அன்று பௌர்ணமி சவாரியை விட்டுவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு சந்து சந்தாக ஓட்டிவந்து கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேர்க்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரம் நிறுத்தினார். சிக்னல் முழுசாக இருந்தது. பின் சீட்டில், மடியில் லேப்டாப்போடு பேசத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில், இன்டர்வியூ எடுத்த அம்மா ஓரத்தில் எழுதியிருப்பது யார் என்று கேட்டார். பார்த்தால், கமென்ட்டை மறைக்காமலே ஷேர் செய்திருக்கிறேன். ‘இங்க தண்ணி குடி. வேகமா பேசாத’ என்று பளிச்சென்று நிற்கிறது. அவசரத்தில் அதை மூட வழி தெரியாமல் நான் தடுமாற, முன் சீட்டிலிருந்து அவர் தன் போனில் புதிதாக ஒன்றை எழுதினார்: ‘பதட்டப்படாத.’ அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எனக்கு மானமே போயிற்று.

சிரித்து முடித்ததும் நான் பயந்த கேள்வியே வந்தது. யாருக்காவது சொல்லித்தந்த அனுபவம் உண்டா?

என்ன தோன்றியதோ, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

“இவருக்குத்தாங்க சொல்லிக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரர்.”

அவர் அவசரமாகக் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் நன்றாகச் சொல்லித்தந்தேனா என்று அவரிடமே கேட்டார் அந்த அம்மா.

“கோவம் ஜாஸ்திங்க. ஆனா நமக்குப் புரியற வரைக்கும் எழுந்து போவ மாட்டா.”

இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, கேமரா என் பக்கம் இல்லை. திங்கட்கிழமை நான் வேலையில் சேர முடியுமா என்று அந்த அம்மா கேட்டதுகூட அவரைப் பார்த்துத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், “சேருவாங்க” என்றார்.