எழுபத்திரண்டாயிரம்

தன் வலது கைக்கு என்ன விலை என்று வக்கீல் தினகரன் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டிய நாளிலிருந்து கஜபதிக்குத் தூக்கம் போய்விட்டது. மாதச் சம்பளம் இருபத்துநாலாயிரம், அதைப் பன்னிரண்டால் பெருக்கு. வயது நாற்பத்துநாலு, அந்த வயதுக்குச் சட்டத்தில் பதினாலு என்று ஓர் எண் இருக்கிறதாம், அதாலும் பெருக்கு. மருத்துவக் குழு நாற்பது சதவீத ஊனம் என்று எழுதியிருந்தது. வந்த தொகையில் நாற்பது சதவீதம் எடுத்தால் பதினாறு லட்சத்துச் சொச்சம்.

"இது காகிதக் கணக்குதாண்ணே," என்றான் தினகரன். அவனும் கள்ளிக்குப்பத்துப் பையன்தான். "மக்கள் நீதிமன்றத்துல பேரம் பேசுவாங்க. பத்து வந்தா சந்தோஷமா வாங்கிக்கலாம்."

பத்து லட்சம் வந்தால் வீட்டின் முன்பக்கம் நட்டு, போல்ட்டு விற்கும் சின்னக் கடை போட்டுவிடலாம். முதலாளி ராஜசேகரனின் பட்டறை வாசலில் குந்தியிருக்க வேண்டாம். கஜபதி மனதுக்குள் கடைக்கு ஷட்டர்கூடப் போட்டுவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே ராஜசேகரனிடம் லேத்தில் இரும்பு கடையும் டர்னர் வேலை பார்த்தவர் அவர். உருண்டு வரும் இரும்பில் முடியளவு பிசகிருந்தாலும் விரல் நுனியால் தடவிச் சொல்லிவிடுவார். போன வருஷம் குமணன்சாவடியில் கைகாட்டாமல் திரும்பிய ஒரு கார் அந்தக் கையைத்தான் பதம் பார்த்தது. மணிக்கட்டில் ஒரு தகடு, ஆறு திருகாணி. சோற்றைப் பிசையலாம், லேத்தின் சாவியை முறுக்க முடியாது. இப்போது வருகிற லாரிக்கு கேட்டைத் திறந்துவிட்டு நோட்டில் இடது கையால் நம்பர் எழுதுகிறார். முதலாளி கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்.

மக்கள் நீதிமன்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தினகரன் போன் செய்தான்.

"அண்ணே, நம்ம கேஸ் கட்டுல ஒரு வருமானச் சான்றிதழ் கீதே. வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம்னு. யாரு குடுத்தது?"

கொடுத்தது கஜபதியேதான். வருமானத்துக்கு என்ன ஆதாரம் உண்டோ எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னான் வக்கீல் குமாஸ்தா. சனிக்கிழமை கவரில் போட்டுத் தரும் சம்பளத்துக்கு ஏது சீட்டு? ராஜசேகரன் தந்த சம்பளக் கடிதம் மட்டும் போதுமோ போதாதோ என்று, மகள் தேவிப்பிரியாவின் கல்லூரிக் கோப்பிலிருந்து தாசில்தார் கையெழுத்திட்ட அந்தத் தாளையும் நகலெடுத்துச் சேர்த்துவிட்டார். அரசாங்க முத்திரை ஆயிற்றே, கனமாக இருக்கும் என்று நினைத்தார். குமாஸ்தா படித்துப் பார்க்காமல் கட்டி அனுப்பிவிட்டான்.

அந்த வட்டாரத்தில் யாருடைய சான்றிதழை எடுத்தாலும் எழுபத்திரண்டாயிரம்தான். மளிகைக் கடைக்காரருக்கும் அதேதான், மூன்று மாடி வாடகை வாங்குகிறவருக்கும் அதேதான். பிள்ளைகளின் உதவித்தொகைக்கு அதுதான் ராசியான எண் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. கஜபதி பிரியாணி வாங்கி வந்தால், "மாசம் ஆறாயிரம் சம்பாரிக்கிற ஆளு, பிரியாணி கேக்குதா?" என்று அவர் மனைவி ஹேமாவதி சிரிப்பாள். இந்த முறை அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஆறாயிரம்னு ஒத்துக்கினா நாலு லட்சம்தான்," என்றான் தினகரன். "பொய்னு சொன்னா காலேஜுக்கு எழுத மாட்டாங்கன்னு நான் கேரண்டி குடுக்க முடியாது. யோசிச்சுக்கோங்க."

மூன்று நாளும் கஜபதி யோசித்தார். கடையா, மகளின் படிப்பா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது. தேவிப்பிரியாவுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

பூந்தமல்லி கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. இன்சூரன்ஸ் அதிகாரி, கண்ணாடி போட்ட அமைதியான மனிதர், இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். ஒன்றில் மாதம் இருபத்துநாலாயிரம், மற்றதில் வருஷத்துக்கே எழுபத்திரண்டாயிரம்.

"இதுல எதுங்க உண்மை?" என்று நீதிபதி கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே கஜபதியை இன்னும் கலக்கியது.

ஆறாயிரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷ வேலை அதைச் சொல்ல விடவில்லை.

"இருபத்துநாலாயிரம்தான் ஐயா. அது பொண்ணு படிப்புக்காகப் போட்டது. பொய்ங்க."

"ஒரு தாள் பொய்னா இன்னொன்ன மட்டும் எப்படி நம்பறது?" என்றார் அதிகாரி. நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் இழுபறிக்குப் பிறகு ஏழு லட்சத்தில் முடிந்தது. இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரிக் கடனும் அடகு நகையும் போக மிஞ்சியதை மகள் பேரில் பேங்கில் போட்டார்கள். உதவித்தொகை நின்றுவிட்டால் அதிலிருந்துதான் கட்ட வேண்டும். கடைப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே கஜபதி வாசலுக்கு வந்து நிற்பார். கல்லூரியிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. ஆனால் ஜூன் மாதம் வந்தது.

"நைனா, கடைசி வருஷத்துக்குப் புதுசா வருமானச் சான்றிதழ் வாங்கணும்," என்றாள் தேவிப்பிரியா.

இ-சேவை மையத்து வரிசையில் நிற்கும்போது கஜபதிக்கு ஒரே யோசனை. கோர்ட்டில் பொய் என்று ஒப்புக்கொண்டவர் மறுபடி அதே பொய்யை எழுதலாமா? முறை வந்ததும் கம்ப்யூட்டர் முன்னாலிருந்த பெண், "வருஷ வருமானம்?" என்று கேட்டாள்.

கஜபதி தினகரன் போட்ட வழியிலேயே கணக்குப் போட்டார். கேட் வேலைக்கு ராஜசேகரன் வாரம் ஆயிரத்து ஐந்நூறு தருகிறார். மாதம் ஆறாயிரம், அதைப் பன்னிரண்டால் பெருக்கு.

"எழுபத்திரண்டாயிரம்," என்றார்.

அந்தப் பெண் தலையைத் தூக்காமல் தட்டினாள். "காலையிலேர்ந்து எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"நான் நெஜமாவே சொல்றேம்மா," என்றார் கஜபதி.