பின்பலகைக்குள் இருந்தது

ஊறி உக்கிய மரத்தின் புளித்த மணம் எங்கே வந்தாலும், ஒஸ்லோவில் நாங்கள் இருந்த ஹொல்ம்லியாவுக்குக் கீழே உள்ள கடற்கரையில், அப்பா எங்கள் படகின் உடைந்த பின்பலகைக்குள் கைவிட்டு, தேநீரில் தோய்த்த ரஸ்க்கைப் போன்ற கறுத்த மரக்கூழை அள்ளி எடுத்தது கண்முன் வந்துவிடும்.

ஒஸ்லோவில் பஸ் ஓட்டிய அப்பா, பழைய வெள்ளைக் கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கி, "மரமெண்டா உக்கும், இது 'பைபர்', எங்கடை காலத்துக்கும் கிடக்கும்" என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரம் மாட்டியிருந்த பின்பலகையின் பைபர் தோலுக்கு நடுவில் மர ஒட்டுப்பலகை இருப்பது அவருக்குத் தெரியாது. சாமியில்லாத வாகனத்தில் ஏறமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால், பித்தளைப் பிள்ளையார் தகடு ஒன்றை அந்தப் பலகையில் அப்பா திருகாணிகளால் பூட்டினார். தண்ணீர் புகாதபடி துளைகளுக்குப் பசை வைக்கவில்லை. கோடைதோறும் அம்மா சந்தனம் பூசித் தண்ணீர் தெளித்தார். கடலும் தன் பங்குக்குத் தெளித்தது.

எனக்குப் பத்து வயதான கோடையில், தீவொன்றிலிருந்து திரும்பும்போது அப்பா வேகத்தைக் கூட்டினார். பெரிய சத்தம்கூட எழவில்லை. பின்பலகை பாதியாகப் பிய்ந்து இயந்திரத்தோடு கடலுக்குள் போனது. பின்னிருக்கையில் இருந்த தங்கச்சியைக் காணவில்லை. அவள் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். பிறகு அவளுடைய மிதவைச் சட்டை மேலே வந்தது. அம்மா எட்டி அதன் கழுத்துப்பட்டியைப் பிடித்தவர் விடவேயில்லை. அவ்வழியாக வந்த படகுக்காரர் ஒருவர் தங்கச்சியைத் தூக்கியெடுத்து, எங்களையும் ஏற்றி, எங்கள் படகையும் கரைக்கு இழுத்து வந்தார்.

எஞ்சிய பலகையில் வெளியே பளபளக்கும் வெள்ளைத் தோல், உள்ளே அந்தக் கூழ். தகட்டின் திருகாணிகளைச் சுற்றித்தான் கறுப்பு அதிகம்.

"பிள்ளையார்தான் என்ரை பிள்ளையைத் திருப்பித் தந்தவர்" என்று அம்மா அழுதார்.

அப்பா அந்தத் துளைகளைப் பார்த்தார். "ஓம்" என்று மட்டும் ஆமோதித்தார்.

படகு போனது பெரிதல்ல. முன்பெல்லாம் பல் பிடுங்கப் போனாலும், பரீட்சைக்குப் போனாலும், "ஒண்டும் நடக்காது, பயப்பிடாதை" என்று தலையில் தட்டி அனுப்புவார் அப்பா. அந்தக் கோடைக்குப் பிறகு அதை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. போன மாதம் துரொண்ட்ஹெய்ம் நகரில் தங்கச்சிக்குச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளைப்பேறு. தாயும் பிள்ளையும் சுகம். சத்திரசிகிச்சை அறைக்குள் கொண்டுபோகும்போது அவள், "ஒண்டும் நடக்காது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ அப்பா" என்று கேட்டாள். அப்பா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தபடி கதவு வரைக்கும் கூடவே நடந்தார்.